பட்டாளத்துக்குப் போன பூட்டனுக்கு ஒரு நினைவுச் சட்டம்: புதிதாகச் செய்பவர்களுக்கான வழிகாட்டி

இலங்கை மலையகத்து வீடுகளில் சாமி படங்களுக்கு அடுத்த வரிசை காலமானவர்களுக்கு. அந்த வரிசையில் வேட்டி சட்டைக்காரர்களுக்கு நடுவே காக்கிச் சீருடையில் ஒருவர் விறைப்பாக நிற்பதைச் சில வீடுகளில் பார்க்கலாம். யார் என்று கேட்டால் "பூட்டன், பட்டாளத்துக்குப் போனவர்" என்பார்கள். எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். பெரியவர் ஒருவர் பர்மா என்பார், இன்னொருவர் அடித்துப் பேசி எகிப்து என்பார்.

அந்தப் படத்தை நடுவில் வைத்து, கடிதம், பதக்க நாடா, துணி, வரைபடம் ஆகியவற்றைச் சேர்த்து, ஆழமான கண்ணாடிச் சட்டம் ஒன்றுக்குள் நினைவுப்பொருள் செய்வது எப்படி என்று இங்கே சொல்கிறேன். ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கத்தரிக்கோலும் பசையும் பழகிய கை போதும். பொறுமை வேண்டும், மழை மாதங்களில் சற்றுக் கூடுதலாக.

தொடங்கும் முன் ஒரே ஒரு கட்டாய விதி: மூலப்படம், மூலக்கடிதம் எதுவும் இந்த வேலைக்குள் வரக் கூடாது. வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது, சாயம் பூசுவது எல்லாம் நகலில்தான். பசை, தேயிலைச் சாயம், சணல் துணி, சுவரில் விழும் வெளிச்சம் ஆகிய எல்லாமே பழைய படத்துக்குப் பகை. இந்த விதியை மட்டும் காப்பாற்றினால் மற்ற எதில் பிசகினாலும் மறுபடி ஒரு நகல் எடுத்துத் தொடரலாம்.

யாரைச் சேர்ப்பது

பட்டாளம் என்றவுடன் துப்பாக்கி பிடித்தவரை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு இடம் மாறி, பேராதனைப் பூங்காவில் அமர்ந்தது. அவ்வளவு பெரிய தலைமையகத்துக்குச் சமையற்காரர், சாரதி, துணி வெளுப்பவர், சுமை தூக்குபவர் எல்லாரும் வேண்டும். தியத்தலாவை அதற்கும் முந்திய முகாம். 1900இல் போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த இடம் அது. உங்கள் வீட்டுப் படத்தில் இருப்பவர் துப்பாக்கிக்குப் பதில் அகப்பையோடு நின்றாலும் சட்டத்துக்குள் அவருக்கு இடம் உண்டு.

எங்கள் குடும்பங்கள் ஒரு நாட்டுக்குள் அடங்கியவை அல்ல. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா போன கிளையில் பிள்ளைகள் இந்திய இராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. தாயகம் திரும்பியவர்கள் பலர் குடியேறியதும் அதே மலையில்தான். மலாயாத் தோட்டங்களுக்குப் போன கிளை என்றால், 1943க்குப் பின் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர் யாராவது இருந்தாரா என்று விசாரியுங்கள். ஒருவர் பிரித்தானியச் சீருடையிலும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி எதிர்ப்பக்கச் சீருடையிலும் நிற்பது நடக்காத காரியம் அல்ல. அப்படி இருந்தால் இருவரையும் ஒரே சட்டத்தில் வையுங்கள். நடுவில் கோடு கிழித்துப் பிரிக்க வேண்டாம். இருவருக்கும் அப்பத்தா ஒருத்திதான்.

1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்தில் இராணுவத்திலோ பொலிஸிலோ இருந்த உறவினருக்காகச் செய்வதென்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். மலையகத்தில் அந்தச் சீருடை பலருக்குச் சோதனைச்சாவடியையும் விசாரணையையும் நினைவுபடுத்தும். முன்னறையில் மாட்டுவதா உள்ளறையில் மாட்டுவதா என்பதை வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். ஆயுதம் தெரியும் படத்தைவிட அவர் விடுமுறையில் வந்து குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம் நல்ல மையப்படமாக அமையும். படை எண், அடையாள அட்டை எண் தெரியும் தாளை முன்பக்கம் வைக்கவே வேண்டாம்.

படத்தை வாசியுங்கள்

பசையைத் திறக்கும் முன் படத்தோடு ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள். பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தொப்பிச் சின்னத்தின் உச்சியில் கிரீடம் இருக்கிறதா? அதன் வளைவுகள் இரு பக்கமும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இறங்கினால் அது எலிசபெத் ராணி காலத்துச் சின்னம், அதாவது 1950களின் முற்பகுதி அல்லது அதற்குப் பின். பள்ளம் இல்லாமல் குவிந்து நின்றால் அது அதற்கு முந்திய ராஜாக்களின் காலம். இந்த ஒன்றே பல குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைக்கும். சட்டைக் கையில் அம்பு முனை போன்ற பட்டி ஒன்று இருந்தால் லான்ஸ் கோப்ரல், இரண்டு கோப்ரல், மூன்று சார்ஜன்ட். தோளில் உலோக எழுத்துகள் இருந்தால் அவைதான் படைப்பிரிவைச் சொல்லும். படம் மங்கலாக இருந்தால் வெவ்வேறு கோணத்தில் வெளிச்சம் பட வைத்து நாலைந்து முறை எடுத்துப் பாருங்கள்.

ஆண்டு தெரிந்தால் பெயரைச் சரியாக எழுதலாம். 1949 ஒக்டோபர் 10இல்தான் சிலோன் இராணுவம் உருவானது. அதற்கு முன் சேவையாற்றியவர் என்றால் சிலோன் பாதுகாப்புப் படையா, பிரித்தானியப் படையின் ஏதாவது பிரிவா என்று தேட வேண்டும். "இலங்கை இராணுவம்" என்ற பெயர் 1972இல் குடியரசான பிறகு வந்தது. 1944ஆம் ஆண்டுப் படத்தின் கீழ் "இலங்கை இராணுவ வீரர்" என்று எழுதினால் அது பிழை.

படத்தின் அடி ஓரத்தையும் பாருங்கள். ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அழுத்தி அச்சிட்டிருப்பார்கள். பண்டாரவளை ஸ்டுடியோ என்றால் தியத்தலாவைப் பக்கம் தேடலைத் தொடங்கலாம்.

இராணுவ விவரம் மட்டுமே தேடினால் ஆள் தப்பிவிடுவார். நான் வேலை செய்த ஒரு படத்தில், சிப்பாயின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் மற்றவற்றோடு சேராமல் இருந்தது. நாலு துளைப் பொத்தான்களுக்கு நடுவே அது இரண்டு துளைப் பொத்தான். நூலும் கறுப்பு. முகாமில் தானே தைத்துக்கொண்டாரோ, வீட்டுக்கு வந்தபோது யாரும் தைத்துக் கொடுத்தார்களோ தெரியாது. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி இரண்டு அங்குலச் சதுரமாக அச்சிட்டு, பக்கத்தில் அதே மாதிரிப் பொத்தான் ஒன்றைக் கறுப்பு நூலால் தைத்து வைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் பதக்கங்களைவிட அதைத்தான் குனிந்து பார்த்தார்கள். உங்கள் படத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

ஆவணம் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ராமசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று நாலு விதமாக எழுதுவார்கள். அப்பா பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியிருக்கும். உலக யுத்தங்களில் இறந்தவர் என்றால் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரை வைத்துத் தேடலாம். கண்டி யுத்த மயானத்தைப் பராமரிப்பதும் அவர்கள்தான். அங்கே பிரித்தானியரோடும் கிழக்காபிரிக்கரோடும் இலங்கையரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

நகல் எடுப்பது

சிறிய படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூன்று அங்குல அகலப் படம் 600இல் எடுத்தால் 1800 புள்ளிகள் கிடைக்கும். அதை ஆறு அங்குலமாகப் பெருக்கி அச்சிட்டாலும் தெளிவு குறையாது. ஃபோட்டோகொப்பி கடைக்காரர் வழக்கமாக வைத்திருப்பது 200 அல்லது 300. வாய்விட்டுக் கேட்டால்தான் மாற்றுவார்.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால் கைப்பேசியே போதும், அதற்கு எங்கள் ஊர் வானிலை நல்ல கூட்டாளி. மூடுபனி கவிந்த காலைநேரத்தில் ஜன்னலோரம் வரும் வெளிச்சத்தை எந்த ஸ்டுடியோ விளக்கும் தராது. படத்தை மேசையில் தட்டையாக வைத்து, கைப்பேசியை அதற்கு நேர் மேலே சாயாமல் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கண்ணாடியோடு இருக்கும் படமென்றால் கைப்பேசிக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தால் பிரதிபலிப்பு மறையும்.

இந்தியாவிலுள்ள உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் சுருங்கி வரும். "டொகியுமன்ட்டாக அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் முழு அளவில் வரும்.

இனி மலைநாட்டின் தனி நோய்க்கு வருவோம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரப்பதத்தில் அது ஊறி இளகி, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) சுவரில் நாற்பது மழைக்காலம் பார்த்த படம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதைப் பிரிக்க முயலாதீர்கள். கத்தி, ஆவி, தண்ணீர் எதுவும் வேண்டாம்; முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு, அதன் ஊடாகவே ஸ்கேன் செய்யுங்கள். பின்பு கண்ணாடியோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.

பூஞ்சணம் பூத்த படத்தை ஈரத் துணியால் துடைத்தால் வெள்ளைப்புள்ளி கறையாகப் பரவும். நிழலில் நன்றாக உலரவிட்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கன்னத்துக்கும் உதட்டுக்கும் கையால் வண்ணம் தீட்டிய ஸ்டுடியோப் படங்களில் ஒரு துளித் தண்ணீர்கூடப் படக் கூடாது. சந்தனம், குங்குமம் கண்ணாடி மேல் இருந்தால் துடைக்கலாம். படத்தின் மேலேயே வைத்திருந்தால் அப்படியே விடுங்கள். அதுவும் அந்தப் படத்தின் வரலாறுதான்.

நகலை லேசர் அச்சில் எடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை பசை பட்டதும் கலங்கும்.

சட்டமும் அடுக்கும்

படம் கட்டும் கடையில் ஏ3 அளவில், உள்ளாழம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஒரு சட்டம் செய்யச் சொல்லுங்கள். "பதக்கம் வைக்கிற மாதிரிப் பெட்டிச் சட்டம்" என்றால் புரிந்துகொள்வார்கள். பின்பலகையை ஆணி அடித்து மூடாமல் திருகாணியால் பூட்டச் சொல்வது முக்கியம். பிற்காலத்தில் திறக்க வேண்டி வரும்.

உள்ளே ஒரு பெரிய படம், இரண்டு சிறியவை, ஒரு கடிதம் அல்லது ஆவணம், ஒரு பொருள். முதல் முயற்சிக்கு இந்த ஐந்து போதும். கிடைத்ததை எல்லாம் திணித்தால் அது பள்ளிக்கூடக் கண்காட்சிப் பலகை ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒட்டாமல் அடுக்கி, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் வந்து பாருங்கள். கண் முதலில் முகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

ஆவணம் எதை வைப்பது என்று பலர் கேட்பார்கள். படைவிடுப்புச் சான்றிதழ் இருந்தால் நல்லது. எனக்குப் பிடித்தது வேறொன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான எங்கள் ஆட்களில் முடியரசின் சீருடையை அணிந்தவர் ஒருவர் இருந்து, அவரே 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த தாளும் வீட்டில் இருந்தால், அதன் நகலைப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். இரண்டு திகதிகளையும் பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பின்னணி: தேயிலைச் சாயமும் படங்கும்

பின்னணித் தாளுக்குப் பழமை நிறம் கொடுக்கக் கடைச் சாயம் தேவையில்லை. ஒரு டம்ளர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி டஸ்ட் தேயிலையைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வடித்து ஆறவையுங்கள். நல்ல இலையெல்லாம் கப்பல் ஏறிவிட, எங்களுக்கு மிஞ்சுவது டஸ்ட். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அதுதான் உயர்தரம், சாயம் சட்டென்று இறங்கும். சாதாரண 80 கிராம் தாள் சுருண்டுவிடும் என்பதால் 120 முதல் 160 கிராம் தடிமனுள்ள தாளை எடுங்கள். அகலத் தூரிகையால் ஒரே திசையில் பூசுங்கள். ஈரமாக இருக்கும்போதே வடித்த தேயிலைச் சக்கையை அங்கங்கே தூவி, கால் மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டால் பழங்கடிதத்தின் புள்ளிகள் விழும். முக்கால்வாசி உலர்ந்ததும் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். முழுதாக உலராத தாளைச் சட்டத்துக்குள் அடைத்தால் மூன்றே மாதத்தில் பூஞ்சணம் குடியேறும். ஜூன், ஜூலையில் நுவரெலியாப் பக்கம் இந்த வேலையை எடுத்தால் உலர நாலு நாளும் ஆகலாம். ஜனவரி முதல் மார்ச் வரை செய்வது சுகம்.

துணிக்கு முதல் தெரிவு படங்கு. கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் அந்தச் சாக்குத்துணிதான். அவர் சீருடையில் இருந்த ஆண்டுகளில் வீட்டுக்கு அரிசி வந்தது மனைவியின் செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பதிவேடு) பெயரால் என்றால், அந்தப் பெண்ணுக்கும் சட்டத்தில் பாதி சேர வேண்டும் என்பது என் பிடிவாதம். பாவித்த படங்கைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அயர்ன் செய்து, பின்னால் தாள் ஒட்டி விறைப்பாக்கிக்கொண்டு வெட்டுங்கள். தாள் ஒட்டாமல் வெட்டினால் ஓரம் பிரிந்து நூல் நூலாக வரும். அப்பத்தாவின் சேலைத் தலைப்பில் ஒரு துண்டு கிடைத்தால் இன்னும் அழகு. ஆனால் சேலையை வெட்டும் முன் வீட்டுப் பெண்கள் எல்லாரிடமும் சம்மதம் கேளுங்கள். தகராறு வருவது இந்த இடத்தில்தான்.

வரைபடத்துக்கு நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலத் தாள் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) பொருத்தம். தோட்டங்களின் பெயர்கள் அதில் இருக்கும். உங்கள் தோட்டம் வரும் பகுதியை மட்டும் நகலெடுத்து, பெரட்டுக்களம் (காலையில் தொழிலாளர் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடம்) இருந்த இடத்தில் ஊசியால் துளையிட்டு, அங்கிருந்து சிவப்பு நூல் ஒன்றை இழுத்து அவர் போன ஊர் வரை கொண்டுபோங்கள். தாளில் தைக்கும்போது முதலில் வெறும் ஊசியால் துளைகளைப் போட்டுக்கொண்டு பிறகு நூலை விடுங்கள். நேரே தைத்தால் தாள் கிழியும்.

ஒட்டுவது

பைண்டர் கம்மில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, தூரிகையால் மெல்லிய படலமாகப் பூசுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் அழுத்திக்கொண்டு போனால் காற்றுக்குமிழி நிற்காது. முழுப் படத்துக்கும் பசை பூசியே தீர வேண்டும் என்பதில்லை. முகப்படத்தை மூன்று மில்லிமீட்டர் அட்டைத்துண்டுகள் மேல் ஒட்டி உயர்த்தினால் நிழல் விழுந்து ஆழம் தெரியும். செலோடேப் எங்கும் வேண்டாம். அது மஞ்சளாகிக் கசியும்.

முகத்தைத் துணிமேல் இறக்குவது கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும் வேலை, ஆனால் பலன் பெரிது. படத்தை இடம் வலம் மாற்றி லேசரில் அச்சிடுங்கள். மாற்றாமல் விட்டால் தோள் எழுத்து இடவலம் மாறும், இடது மார்பின் பதக்கம் வலது மார்புக்குப் போகும். அச்சின் மேல் அக்ரிலிக் ஜெல் மீடியத்தைத் தடவி (கண்டி, கொழும்பு ஓவியப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள்), மைப்பக்கம் கீழாக வெள்ளைப் பருத்தித் துணியில் கவிழ்த்து அழுத்துங்கள். மறுநாள் வரை, மழைக்காலமானால் இரண்டு நாள், உலரட்டும். பிறகு தாளை ஈரப்படுத்தி விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். தாள் சுருண்டு சுருண்டு உதிர்ந்து முகம் துணியில் எழும்பி வரும். கண்களுக்கு மேல் மட்டும் அழுத்தம் குறையட்டும். அங்கே மை உரிந்தால் சரிசெய்ய முடியாது, வேறு நகல்தான்.

பதக்கங்கள்

பிராஸோ போட்டுத் துலக்காதீர்கள். துலக்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் தேய்கிறது, விளிம்பில் பெயர் பொறித்திருந்தால் அதுவும் தேயும். முதலாம் உலக யுத்தத்தின் வட்டப் பதக்கங்களின் விளிம்பில் பெயரும் எண்ணும் இருக்கும். அவற்றை வைத்தே ஆளைத் தேடலாம். உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு போதும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாப் பக்கம் போனவர் வீட்டில் பெரும்பாலும் நாலு பதக்கங்கள் இருக்கும். பார்ப்பவரின் இடமிருந்து வலமாக 1939–45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், டிஃபென்ஸ் மெடல், வோர் மெடல் என்பதே முறை. 1939–45 நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சமபட்டைகள்: கடற்படை, தரைப்படை, விமானப்படை. கருநீலம் பார்ப்பவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். கடையில் கட்டிக் கொடுத்த சட்டங்களில்கூட இதைத் திருப்பிப் போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். பர்மா நாடாவின் நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவில் மெல்லிய செம்மஞ்சள் கோடு.

பதக்கத்தை ஒட்டாதீர்கள். நாடாவின் மேல் மடிப்பை அட்டையோடு நூலால் தைத்துத் தொங்கவிடுங்கள், உலோகத்தின் பின்னால் ஒரு துண்டுத் துணி வைத்தால் ஆடாது. பதக்கம் வேறொரு சித்தப்பா வீட்டில் இருக்கிறது, தரமாட்டார் என்றால் வருத்தம் வேண்டாம். 32 மில்லிமீட்டர் அகலத்தில் அதே நிறப் பட்டு நூல்களால் பட்டை தைத்து வைத்தாலும் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அவர் பெறாத பதக்கத்தை அழகுக்காகச் சேர்ப்பது மட்டும் கூடாது.

பூ வைக்க விரும்புபவர்கள் இணையத்தில் பார்த்துச் சிவப்பு பொப்பியைத் தேடுகிறார்கள். இலங்கையருக்கு இன்னொரு பூ இருக்கிறது. யுத்த நினைவு நாளான நவம்பர் 11இல் விற்ற பொப்பியின் பணம் பெரும்பாலும் பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போகிறது, உள்ளூர்ச் சிப்பாய்க்கு ஒன்றுமில்லை என்று கொதித்து, 1930களில் சூரிய மல் (சிங்களத்தில் பூவரசம்பூ) இயக்கத்தார் அதே நாளில் பூவரசம்பூ விற்றார்கள். மஞ்சள் கிரேப் தாளில் ஐந்து இதழ், அடியில் கருஞ்சிவப்புப் புள்ளி, செய்வது சுலபம். பழுத்த பூ செந்நிறமாக மாறும் என்பதால் ஓர் இதழின் ஓரத்தைச் சிவப்பாக்கினால் உயிர் வரும்.

எழுதுவது

முன்பக்கத்தில் பெயர், பிறந்த தோட்டம், படைப்பிரிவு, ஆண்டுகள். அதற்கு மேல் வேண்டாம். "வீரமறவர்", "மாவீரர்" போன்ற அடைமொழிகளைத் தவிருங்கள். அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

பின்பக்கம்தான் பெரிது. பின்பலகையின் உட்புறம் ஒரு காகித உறை ஒட்டி, தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யார் சொன்னது, எப்போது சொன்னது, எது உறுதி, எது கேள்விப்பட்டது. பர்மா, எகிப்து இரண்டு கதையும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். மூலப்படங்கள் எந்த வீட்டில், எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதும் அதில் இருக்கட்டும். மூலப்படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். போல்பொயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும்.

மூலங்களைப் பொலித்தீன் பையில் போடாமல் காகித உறையில் இட்டு, தகரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீலநிறப் பொட்டலம் இளஞ்சிவப்பானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தரையிலும் கூரைத் தகரத்துக்கு அடியிலும் வைக்காதீர்கள்.

மாட்டுவது

கண்ணாடி எதையும் தொடாதபடி உள்விளிம்பில் அட்டைப் பட்டை கொடுத்து மூடுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், அடுப்படிச் சுவர், வெயில் நேரே விழும் சுவர் மூன்றும் ஆகாது. சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் போத்தல் தக்கையை வட்டமாக வெட்டி ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும். பூமாலை போடும் வழக்கமுள்ள வீடுகளில் ஈரப்பூ கண்ணாடி வழியே சொட்டி உள்ளே இறங்கும். அதைவிடச் சந்தனச் சீவல் மாலை நல்லது. ஊதுபத்தியை ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில், திருகாணியைக் கழற்றி உள்ளே பூஞ்சணமோ ராமபாணப் பூச்சியோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே சட்டம் செய்தால் அண்ணன் வீட்டிலா தம்பி வீட்டிலா என்ற பேச்சு வரும். நகல்கள்தானே, இரண்டாகவே செய்துவிடுங்கள். நீலகிரியில் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ அனுப்ப வேண்டியதைக் கண்ணாடியும் சட்டமும் இல்லாமல், உள் அட்டையை மட்டும் இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் கட்டி, போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள். சட்டத்தை அங்கே போட்டுக்கொள்ளலாம். உள்ளாழ அளவை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கூடவே வைத்தால் அங்குள்ள கடைக்காரருக்கு வேலை சுலபம்.